20 டிகிரி நம் ஊரில் இல்லை: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரை வீட்டிலேயே சோதிக்க முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு நாள் மதியம், கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப்பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருந்தேன். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஏர்கோனை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, எஞ்சினை மட்டும் ஓடவிட்டிருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. கூடவே இனிப்பும் குமட்டலும் கலந்த ஒரு வாடை. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவிலேயே அசையாமல் நின்றது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

பட்டறையில் கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவத்தின், சூட்டை அளக்கும் சென்சரை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் அதே கதை. அப்புறம்தான் நானே மல்டிமீட்டரை எடுத்து உட்கார்ந்தேன். சென்சரில் குற்றமே இல்லை. அதில் மாட்டும் பிளக்கின் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அந்த வேலையில் கற்றுக்கொண்டதை, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் செய்து பார்க்கும்படி எழுதுகிறேன்.

சென்சர் என்ன செய்கிறது

பித்தளை உடலுக்குள் ஒரு சிறிய தெர்மிஸ்டர். சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். எஞ்சினின் கம்ப்யூட்டர், அதாவது இசியு, ஒரு வயரில் 5 வோல்ட் அனுப்பி, அது எவ்வளவு விழுகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது, ரேடியேட்டர் காற்றாடியை எப்போது ஓடவிடுவது எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பொறுத்தது. இன்றைய கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு முள்ளுக்கும் இதே எண்தான் போகிறது. அதனால் இசியுவுக்கு வரும் எண் தப்பானால் முள்ளும் சேர்ந்து தப்பாகச் சொல்லும். எனக்கு நடந்தது அதுதான்.

வேலை தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய புரோட்டான் வீரா போன்ற கார்களில் இதைப் போலவே தோன்றும் பொருள்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒற்றை வயர் போவது சென்டர் (sender), அதாவது மீட்டர் முள்ளுக்கு மட்டும் செய்தி அனுப்பும் பாகம். இரண்டு வயர் போவது இசியுவுக்கான சென்சர். ரேடியேட்டரிலேயே திருகியிருப்பது காற்றாடிக்கான தெர்மோ சுவிட்ச். நாம் சோதிக்கப்போவது இரண்டு வயர் உள்ளதை. பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், மேல் ரேடியேட்டர் ஹோஸ் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அல்லது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கூட்டில் இருக்கும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

குளிர் நாடுகளில் இந்த சென்சர் கெட்டால் காலையில் எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடிக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஊரில் விடியற்காலையிலேயே 25, 26 டிகிரி இருக்கும். அதனால் எஞ்சின் எப்படியும் கிளம்பிவிடும், குறை மறைந்துபோகும். இங்கே தெரியும் அறிகுறிகள் வேறு: கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும், புகையில் பெட்ரோல் வாடை வரும், ஸ்பார்க் பிளக் முனை கரி பிடித்திருக்கும், சூடான எஞ்சினில் ஐடில், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி நிற்கும். காற்றாடி சாவி போட்டதிலிருந்து நிற்காமல் ஓடலாம். அல்லது ஓடவே ஓடாது.

காற்றாடி ஓடாத குறையை நம் ஏர்கோன் மறைத்துவிடும். பெரும்பாலான கார்களில் ஏர்கோன் போட்டாலே ரேடியேட்டர் காற்றாடியும் சேர்ந்து ஓடும். கோலாலம்பூரில் ஏர்கோன் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றும் என் காருக்கு ஒன்றும் ஆகாததற்கும், பள்ளி வாசலில் கால் மணி நேரத்தில் கொதித்ததற்கும் காரணம் இதுதான்.

வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மலிவான ஒன்றே போதும். முதலை வாய் கிளிப் இருந்தால் கைக்கு ஓய்வு. ஓபிடி சாக்கெட்டில் (இசியு சொல்வதைப் படிக்கக் காரில் இருக்கும் சாக்கெட்) மாட்டி புளூடூத் வழியாகக் கைப்பேசியில் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. ரொம்பப் பழைய காரில் அது பேசாமல் போகலாம். அப்போது மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டியதுதான். சமையல் தெர்மாமீட்டர், இனிமேல் சமையலுக்கு எடுக்கப்போகாத ஒரு பழைய பாத்திரம், கொஞ்சம் ஐஸ், கான்டாக்ட் க்ளீனர் ஒரு டின். 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கிடைத்தால் ரொம்ப நல்லது. புடுவில் ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

பாதுகாப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் அது பொங்கி முகத்தில் அடிக்கும். காற்றாடி எச்சரிக்கை இல்லாமல் ஓடத் தொடங்கும். சட்டை நுனி, தாலிச் சங்கிலி, துப்பட்டா எதுவும் அதன் பக்கம் தொங்கக் கூடாது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதோடு இனிக்கும். குழந்தைகளும் பூனை நாய்களும் நெருங்காத இடத்தில் வேலை செய்யுங்கள்.

படி 1: எதையும் கழற்றாமல் ஒரு காலைச் சோதனை

இரவு முழுக்க நின்ற கார். பசியாறுவதற்கு முன்பே, வெயில் பானெட்டில் படுவதற்கு முன்பே போங்கள். ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். எஞ்சினை ஓடவிட வேண்டாம். கூலன்ட் வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 27, 28 என்றால் சரி. காற்று 27, கூலன்ட் 12 என்று காட்டினால் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிட்டது.

மைனஸ் 40 டிகிரி காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சென்சரின் உள்ளே தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. 130, 140 என்று காட்டினால் எங்கோ ஷார்ட். ஸ்கேனர் காட்டும் குறைக் கோடுகளாக (code) சொன்னால் பி0118 முதல் வகை, பி0117 இரண்டாம் வகை. சில கார்களில் குறையைக் கண்டதும் இசியு தானாக 80 டிகிரி என்று ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சின் 80 காட்டினால் அதை நம்பாதீர்கள்.

இப்போது எஞ்சினை ஓட விடுங்கள். எண் படிப்படியாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஏற வேண்டும். 45, 46, 47 என்று வந்து, திடீரென 20க்கு விழுந்து மறுபடி 50க்குத் தாவினால் உள்ளே விட்டுவிட்டுத் தொடர்பு அறுகிறது. 80ஐத் தாண்டியபின் தெர்மோஸ்டாட் திறந்து கொஞ்சம் தயங்கும். ஏர்கோன் இல்லாமல் நிற்கவைத்தால் பெரும்பாலான கார்களில் 90களில் காற்றாடி ஓடத் தொடங்கும். 100ஐத் தாண்டியும் ஓடவில்லை, அல்லது எண் ஏறாமலே ரேடியேட்டர் கொதிக்கும் சத்தம் கேட்கிறது என்றால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நெடுஞ்சாலையில் 60, 65 என்று இறங்கி, நெரிசலில் நின்றதும் 90க்கு ஏறுகிறதா? அது சென்சரின் குற்றம் இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே பல காலமாக இருக்கிறது. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடி, பெட்ரோலைக் குடித்து, கடைசியில் பழி சென்சர் மேல் விழும். பழைய கார் வாங்கியவர்கள் இதை முதலில் பாருங்கள்.

படி 2: பிளக்கைக் கழற்றி 5 வோல்ட் வருகிறதா பாருங்கள்

சாவியை அணைத்து, சென்சர் பிளக்கைக் கழற்றுங்கள். பூட்டை அழுத்திக்கொண்டு பிளக்கை இழுக்க வேண்டும், வயரை அல்ல. பத்து வருட வெயில் தின்ற பிளாஸ்டிக் சட்டென்று உடையும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பொடி, ஈரம், வளைந்த பின் எதுவும் இருக்கக் கூடாது. கூலன்ட் ஈரம் இருந்தால் சென்சரின் உடல் வழியாகவே கசிந்து வந்திருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சாவி ஆன். பிளக்கின் இரு துளைகளுக்கு நடுவே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்; 4.8 முதல் 5.1 வரை கவலை இல்லை. வரவில்லை என்றால் ஒவ்வொரு துளையையும் பேட்டரி நெகட்டிவோடு அளந்து பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட் கிடைத்தால் அது நல்ல வயர், மற்றதுதான், எர்த்துக்குப் போவதுதான், அறுந்திருக்கிறது. இரண்டிலும் இல்லை என்றால் வயரிங் அல்லது இசியு பக்கம் பாருங்கள். புது சென்சர் வாங்கி ஒரு பயனும் இல்லை. மீட்டர் முனையைத் துளைக்குள் திணித்து அகலப்படுத்திவிடாதீர்கள். அப்படி விரிந்த துளையே நாளைக்குப் புதுக் குறையாகிவிடும்.

படி 3: மின்தடை, நம் ஊர்க் கணக்கில்

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். சாவியை அணைத்து, மீட்டரை ஓமில் வைத்து, சென்சரின் இரு பின்களில் அளக்கிறோம். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தால் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம் என்றிருக்கும். நம் மீட்டர் 1.9 காட்டும். "குறைவா இருக்கு, சென்சர் போச்சு" என்று முடிவுகட்டி, நல்ல சென்சரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவோம். கோலாலம்பூரில் 20 டிகிரியில் ஒரு எஞ்சின் எப்போது இருந்தது? 27 டிகிரியில் அந்த சென்சர் 1.9தான் காட்ட வேண்டும்.

ஜப்பானிய, ஐரோப்பிய வகையில் ரொம்பப் பரவலாக உள்ள சென்சரின் எண்கள் ஏறக்குறைய இப்படி:

0 டிகிரி: 5.9 கிலோ ஓம்
20 டிகிரி: 2.5
25 டிகிரி: 2.05
27 டிகிரி: 1.9
30 டிகிரி: 1.7
40 டிகிரி: 1.2
60 டிகிரி: 0.6
80 டிகிரி: 0.32
100 டிகிரி: 0.19

உங்கள் காரின் புத்தகத்தில் வேறு எண்கள் இருந்தால் அவைதான் சரி. எந்த வகையாக இருந்தாலும் சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும், நடுவில் தாவக் கூடாது.

காலையில் ஒருமுறை அளந்தாயிற்று. அடுத்து பிளக்கை மாட்டி, ஏர்கோன் போடாமல் எஞ்சினை நிற்கவைத்து ஓட்டி, காற்றாடி சுழன்ற உடனே அணையுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் அளந்தால் 0.2 கிலோ ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று. இந்த இரண்டு எண்ணும் பொருந்தினால் சென்சரைக் கழற்ற வேண்டிய அவசியமே அநேகமாக இருக்காது.

படி 4: என்னை ஏமாற்றிய குறை

என் காரில் சென்சர் குளிரில் 1.9, சூட்டில் 0.3. இரண்டும் நல்ல எண்கள். ஸ்கேனர் காலையில் 25 காட்டியது, காற்றின் வெப்பம் 27. நல்ல பொருத்தம்தானே? ஆனால் எஞ்சின் சூடானபின் சென்சரின் பின்னில் 320 ஓம், அதாவது 80 டிகிரி. அதே நேரம் ஸ்கேனரில் 64.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளக்கின் களிம்பு 200 ஓம் தடையைக் கூட்டியிருந்தது. குளிரில் 1,900 ஓமோடு 200 சேர்ந்தால் 2,100. இசியுவின் கண்ணுக்கு இரண்டு டிகிரி வித்தியாசம், யாருக்கும் தெரியாது. சூட்டில் 320ஓடு 200 சேர்ந்தால் 520. எஞ்சின் 80ல் இருக்க, இசியு 64 என்று நினைக்கும். காற்றாடியை ஓடவிட அதற்கு 220 ஓம் அளவுக்கு எண் இறங்க வேண்டும். 200 ஓம் களிம்பிலேயே நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வெந்தாலும் அந்த எண் வராது. எண் நம்பும்படியாகவே இருப்பதால் செக் எஞ்சின் விளக்கும் எரியாது. அதனால்தான் சொல்கிறேன், குளிரில் மட்டும் அளந்து "நல்லாயிருக்கு" என்று மூடிவிடாதீர்கள்.

இதைப் பிடிக்கத்தான் ரெசிஸ்டர். பிளக்கைக் கழற்றி, அதன் இரு துளைகளில் 330 ஓம் ரெசிஸ்டரின் கால்களைச் செருகி, சாவியை ஆன் செய்யுங்கள். மேலே சொன்ன வகை சென்சர் உள்ள காரில் ஸ்கேனர் 80க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 2.2 கிலோ ஓமுக்கு 23 டிகிரி பக்கம். 330க்கு 65 காட்டினால் சென்சரை விட்டுவிடுங்கள், வயரிலோ பிளக்கிலோ தடை சேர்ந்திருக்கிறது. வயரை மெதுவாக ஆட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். ஆட்டும் இடத்தில் எண் துள்ளினால் குறை அங்கேதான். கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காய விட்டு, பிளக்கை நாலைந்து முறை மாட்டிக் கழற்றினால் லேசான களிம்பு போய்விடும். எனக்குப் போகவில்லை. வயரோடு வரும் பிளக் ஒன்றைப் பழைய சாமான் கடையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, வெட்டி, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டேன். அதற்கு முன் பட்டறையில் 200 வெள்ளிக்கு மேல் போயிருந்தது.

படி 5: கழற்றி வெந்நீரில் போடுவது

குளிர், சூடு இரண்டில் ஒன்று பொருந்தவில்லை, அல்லது நடுவில் தாவுகிறது என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இது. எஞ்சின் முழுக்க ஆறட்டும். இரண்டு, மூன்று மணி நேரம். அழுத்தத்தை வெளியேற்ற ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூடிவிட்டு, சென்சரைத் திருகி எடுத்த உடனே துளையை விரலால் அடைத்தால் கொஞ்சம்தான் கொட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள். கொட்டிய கூலன்ட் லோங்காங்கில் (சாக்கடையில்) போகக் கூடாது.

சென்சரின் முனையைப் பாருங்கள். வெறும் பைப் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய காரில் முனை முழுக்கத் துருவும் உப்பும் அப்பியிருக்கும். வெப்பம் உள்ளே போகவே நேரம் பிடிக்கும்.

பின்களில் கிளிப் மாட்டி, முனை மட்டும் முங்கும்படி தொங்கவிடுங்கள். பின்கள் நனையக் கூடாது, முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அடித்தட்டு தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். முதலில் ஐஸ் நிரம்பிய தண்ணீர். நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் அது 0 டிகிரி. அப்புறம் அடுப்பில் வையுங்கள். கோலாலம்பூர் உயரமான ஊர் இல்லை, கொதிக்கும் தண்ணீரை 100 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கும் இப்படி இரண்டு உறுதியான எண்கள் கிடைத்துவிடும். இருந்தால் 40, 60, 80 மூன்றிலும் நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். ஏறும்போது அளந்ததை, ஆறும்போதும் ஒருமுறை அளந்து பாருங்கள். சில சென்சர்கள் ஒரு பக்கம் மட்டும் தாவும்.

10 சதவீதம் முன்பின் இருந்தால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால், அல்லது எண் ஒருமுறை தாவினாலும், புதிது வாங்கிவிடுங்கள். பழசைக் கையோடு கொண்டுபோய், திருகு அளவும் பிளக் வடிவமும் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய புதிதையும் மாட்டும் முன் அதே பாத்திரத்தில் ஒரு முறை போட்டு அளந்துவிடுங்கள். மலிவு விலைப் பெட்டிகளில் கெட்டது வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

படி 6: திரும்ப மாட்டி, காற்றை வெளியேற்றுவது

புது வாஷர் அல்லது ரப்பர் வளையம் போடுங்கள். முதல் சில சுற்றுகள் கையால்தான். அலுமினியத் திருகுமரை கோணலாக ஏறினால் ஹெட்டே பாழாகிவிடும். பிறகு ஸ்பானரில் அளவோடு இறுக்குங்கள். ஒற்றை வயர் சென்டரைத் தொட நேர்ந்தால் அதில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள்; அதன் எர்த் உடல் வழியாகத்தான் போகிறது.

சென்சர் முனை காற்றில் தொங்கினால் எவ்வளவு நல்ல சென்சரும் பொய் சொல்லும். அதனால் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்கள் கொஞ்சம் மேட்டில் நிற்கட்டும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, அதே வகைக் கூலன்ட்டைக் கழுத்து வரை ஊற்றி, மூடாமலே ஓடவிடுங்கள். ஹீட்டரைத் திறந்து வைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்ப்பீர்கள். நம் ஊர்ச் சிறிய கார்கள் சிலவற்றில் ஹீட்டரே கிடையாது, இருந்தால் மட்டும் திறங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடேறி, குமிழி நின்றதும், கூலன்ட் பொங்கும் முன் மூடியைப் போட்டுவிடுங்கள்.

ஸ்கேனரில் பழைய குறைக் கோடுகளை அழித்துவிட்டு, ஏர்கோனை அணைத்தபடியே காத்திருங்கள். காற்றாடி தானாக ஓடி, நின்று, மறுபடி ஒருமுறை ஓட வேண்டும். மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பும் முன் இரண்டு வெப்பநிலைகளையும் மீண்டும் ஒப்பிட்டு, ரிசர்வ் டாங்கியில் மட்டம் குறைந்திருந்தால் கோடு வரை நிரப்பிவிடுங்கள்.